ஒரே வீட்டு மூச்சு

மனிதர்கள் எதில் அதிகம் பொய் சொல்வார்கள் என்று கேட்டால், வயசு, சம்பளம் என்று சொல்ல மாட்டேன். "நாங்க எல்லாரும் ஒரே வீடு" என்பதில்தான் என்பேன். மூன்று கோடையாக மணப்புன்னைக் கடற்கரை வாசலில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது இது.

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் வேன் வேனாக வந்து இறங்குவார்கள். போன வாரம் ராஜபாளையத்திலிருந்து இருபத்திரண்டு பேர் வந்தார்கள். புளியோதரைத் தூக்கு, வெள்ளரிப் பிஞ்சு, பிளாஸ்டிக் பாய், காற்றடிக்காத ரப்பர் டியூப் இரண்டு. முன்னால் வந்த பெரியவர் கூச்சமே இல்லாமல் சொன்னார்: "எல்லாம் ஒரே அடுப்பு, மேடம்."

"டிரைவருமா?"

"அவர் எங்க சித்தப்பா மாதிரி."

சித்தப்பா மாதிரியானவர் பதறிப்போய் என்னைப் பார்த்தார். அவருக்குத் தன் வீட்டு அடுப்பே ராஜபாளையத்தில் எரிந்துகொண்டிருக்கும் கவலை.

சிரிப்பாக இருந்தாலும் விஷயம் அப்படியில்லை. ஏழாம் நாள் காய்ச்சல் வந்ததிலிருந்து எல்லாமே வீட்டுக் கணக்கில்தான் நடக்கிறது. தொற்றிய ஆளுக்கு ஏழு நாள் வரை ஒன்றுமே தெரியாது. எட்டாம் நாள் எழுந்திருக்க முடியாது. அந்த ஏழு நாளில் அவர் யாரோடு மூச்சு விட்டாரோ அவர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் சட்டம் இரண்டே வரிதான். ஒரே வீட்டில் இருப்பவர்கள் வெளியே ஒட்டி உரசி நடக்கலாம், மற்றவர்களுக்கு இடையில் இரண்டு மீட்டர் வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அந்த வீட்டில் உள்ள அத்தனை பேரும் பதினான்கு நாள் தனிமை மையத்தில் இருக்க வேண்டும்.

யார் எந்த வீடு என்று சொல்ல ரேஷன் கார்டை நம்பிய காலமும் இருந்தது. ஒரு கார்டில் பதினேழு பேர் வந்தார்கள். அப்போதுதான் ஊதுகுழல் வந்தது. வாசலில் ஒரு குழாய் இருக்கும். பத்து விநாடி ஊத வேண்டும். சேர்ந்து வாழ்கிறவர்களின் வாயில் ஒரே வகைக் கிருமிகள் குடியிருக்கின்றன. நல்ல கிருமிகள்தான், பயப்பட வேண்டாம். குழாய் அவற்றைப் படித்து, இவரும் இவரும் ஒரே வீடு, அவர் வேறு வீடு என்று பிரித்துவிடும். காய்ச்சல் இருந்தாலும் அதிலேயே தெரிந்துவிடும். பிறகு கையில் ஒரு பட்டை மாட்டுவோம். வேற்று வீட்டு ஆள் இரண்டு மீட்டருக்குள் வந்தால் பட்டை முதலில் அதிரும். இருபது விநாடி கழித்தும் விலகாவிட்டால் கரையே திரும்பிப் பார்க்கும்படி அலறும்.

என் திரையில் ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி, சுற்றிலும் ஒரு வட்டம். ஒரே வீட்டு வட்டங்கள் பச்சையாகச் சேர்ந்துகொள்ளும். மற்றவை முட்டினால் சிவக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூவாயிரம் வட்டங்கள். எனக்கு அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் குணம் உண்டு. அதற்குச் சம்பளமும் கொடுத்து நாற்காலியும் போட்டுக் கொடுத்தார்கள் என்றால் விடுவேனா.

அப்படித்தான் மாரிக்கனியைக் கவனித்தேன்.

அவன் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன், லாட்ஜ் அறையில் தனியாக இருப்பவன். முப்பத்தைந்து வயது இருக்கும். விவாகரத்து ஆகி இரண்டு வருடம். மகள் சஹானாவுக்கு எட்டு வயது, அம்மாவோடு இருக்கிறாள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை மணப்புன்னைக் கடற்கரையில் மகளைப் பார்க்கலாம் என்று குடும்ப நீதிமன்றம் எழுதிக் கொடுத்திருந்தது. அம்மா குருலட்சுமி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவாள், ஊதுவாள், பட்டை மாட்டுவாள், வாசல் பக்கத்து சிமெண்ட் பெஞ்சில் கடலுக்கு முதுகு காட்டி உட்காருவாள். ஆறு மணிக்கு எழுந்து கூட்டிக்கொண்டு போவாள். இரண்டு வருடத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை.

வேறு வேறு வீடு. ஆக அப்பாவுக்கும் மகளுக்கும் இரண்டு மீட்டர்.

அவன் ஒரு துணிக்கொடிக் கயிறு கொண்டுவருவான். சரியாக இரண்டு மீட்டருக்கு வெட்டியது. ஒரு நுனி அவன் கையில், மறு நுனி அவள் கையில். கயிறு தொய்யாமல் நடந்தால் பட்டை அதிராது. பஜ்ஜிக் கடை, பலூன் சுடும் கடை, ராட்டினம் என்று அந்த நெரிசலில் இருவரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போவார்கள். முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

தை மாதம் செருப்பு வார் மாட்டிவிடக் குனிந்து ஒரு எச்சரிக்கை வாங்கினான். மாசியில் அலை தட்டி அவள் விழ, ஓடிப்போய்த் தூக்கினான். பட்டை அலறிய அலறலில் பிள்ளை அலைக்குப் பயப்படாமல் அதற்குப் பயந்து அழுதது. இரண்டாம் எச்சரிக்கை. அதை எழுதிக் கொடுத்தவள் நான்தான்.

"மூணாவது விழுந்துச்சுன்னா ஒரு வருஷம் கரைக்குள்ள வர முடியாதுய்யா," என்றேன். "கோர்ட்டு ஆர்டர்ல இந்தக் கரை பேர்தான் இருக்கு. வேற இடம் மாத்தி வாங்க எத்தனை மாசம் ஆகும்னு உனக்கே தெரியும்."

"தெரியும் மேடம்," என்றான். "பிள்ளை விழுந்தா என்ன செய்ய, சொல்லுங்க. பாத்துக்கிட்டு நிக்கவா?"

எனக்குச் சட்டம் தெரியும், அவ்வளவுதான்.

இது நடந்து இரண்டு மாதம். மே மாத இரண்டாம் ஞாயிறு, கூட்டம் என்றால் கூட்டம், மணல் தெரியவில்லை. திரையில் அவன் புள்ளியைத் தேடினேன். பிள்ளையின் புள்ளிமேல் அவன் புள்ளி ஏறி உட்கார்ந்திருந்தது. அய்யோ மூன்றாவது என்று கையை அலாரத்துக்குக் கொண்டுபோனேன். வட்டம் பச்சையாக இருந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மகளைத் தோள்மேல் உட்காரவைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தான். பட்டை மூச்சுக்கூட விடவில்லை.

சேர்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. வாசலுக்குப் போனேன். குருலட்சுமி அதே பெஞ்சில் அதே முதுகோடு உட்கார்ந்திருந்தாள். முகவரி பார்த்தேன். அவன் சிவகாசி லாட்ஜ், அவர்கள் விருதுநகர் வாடகை வீடு. சரி, குழாயில் ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறான் என்று நினைத்து, ஆறு மணிக்குக் கரையிலிருந்து வெளியே வந்த மாரிக்கனியை நிறுத்தினேன்.

"இன்னொரு தடவை ஊது."

ஊதினான். ஒரே வீடு.

"வாயைக் கொப்புளிச்சிட்டு ஊது."

கொப்புளித்துவிட்டு ஊதினான். மறுபடியும் ஒரே வீடு. என் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. அந்த இடத்தில்தான் இவனுக்குக் காரணம் தெரியும் என்று எனக்குப் புரிந்தது. அன்று இரவு அவனுடைய பழைய பதிவுகளையெல்லாம் தோண்டிப் பார்த்தேன். கோபத்தால் இல்லை, எப்படி என்று தெரியாததால்.

குழாய்களைப் பராமரிக்கும் நிறுவனத்தில் ரிஸ்வானா என்று ஒரு பெண், கோயம்புத்தூர்க்காரி, கிருமிப் படிப்பு படித்தவள். திங்கட்கிழமை அவளை அழைத்தேன். அரை மணி நேரத்தில் திரும்ப அழைத்தாள்.

"அக்கா, நீங்க சொன்ன ஆள் மட்டுமில்லீங்க. இந்த மாதிரி முப்பத்தி நாலு கேஸ் இருக்குது. அதுல ஒண்ணு விருதுநகர்ப் பக்கம் ஒரு தெரு. பதினோரு வீட்டுக்காரங்களை மெஷின் ஒரே வீடுங்குது."

"பதினோரு வீடுமா?"

"ஆமாங்க்கா. நாளன்னைக்கு அந்தத் தெருவுல இருந்து ஒரு வேன் உங்க கரைக்குப் பதிவு பண்ணியிருக்காங்க. கொஞ்சம் விசாரிச்சுச் சொல்றீங்களா? எனக்கு இந்த ஊர்ப் பேச்சு பேச வராது."

மூக்கை நுழைக்க அரசாங்க அனுமதியே கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு. புதன்கிழமை வேன் வந்ததும் பெண்களோடு போய் மணலில் உட்கார்ந்துவிட்டேன். பட்டை இரண்டு மீட்டருக்கு என்னை எல்லாரிடமிருந்தும் விரட்டியது. அவர்கள் மட்டும் ஒரே பாயில் மடிமேல் மடியாக உட்கார்ந்து முறுக்கு தின்றார்கள். ஒரே பொது அடிகுழாயா என்றேன். வீட்டுக்கு வீடு தண்ணீர் இருக்கிறதாம். ஒரே பால்காரரா? பாக்கெட் பால், ஊருக்கே அதுதான். சொந்தக்காரர்களா? பாதிப் பேருக்குப் பாதிப் பேரோடு சண்டை. கோயில் கொடை, கல்யாணச் சாப்பாடு எதுவும் இரண்டு வருடமாக இல்லை.

சலித்துப்போய் எழுந்தேன். அப்போது ஒருத்தி பக்கத்திலிருந்தவளைச் சீண்டினாள்.

"ஏட்டி, நேத்து உன் வீட்டுல வாங்கியாந்த உறைமோரு பச்சப் புளிப்பு. பிள்ள வாயில வைக்க மாட்டேங்கான்."

"புளிச்சா எனக்கென்ன? அது போன வாரம் சரசு வீட்டுல வாங்கினது. அவ மூணாம் வீட்டுல வாங்கினது."

மீண்டும் உட்கார்ந்தேன். "உங்க தெருவுல எல்லாரும் இப்படித்தான் வாங்குவீங்களா?"

"பின்ன? ராத்திரி பாலுக்கு உறை ஊத்த மோர் இல்லைன்னா பக்கத்து வீட்டுல ஒரு கரண்டி வாங்கணும். தீட்டா அது? காய்ச்சலுக்குக் கடையெல்லாம் அடைச்சப்பகூட கிண்ணத்தை வாசப்படியில வச்சிட்டு எட்டி நின்னு வாங்கிக்கிட்டோம்."

இரண்டு மீட்டர் விலகி நின்று, ஒரு தெருவே ஒரு கிண்ண மோரைக் கைமாற்றியிருக்கிறது. ரிஸ்வானாவை அழைத்துச் சொன்னேன். கேட்டதும் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, இந்த மெஷினைச் செஞ்ச ஊர்ல தயிருன்னா கடையில வாங்குற கப்பு. நாட்டுக்கே ரெண்டு கம்பெனி. எல்லார் வாயிலயும் அதே கிருமிதான், அதனால அதை வெச்சு வீட்டைப் பிரிக்க முடியாது. இங்க வந்ததும் மெஷின் நம்மாளுங்க மூச்சைப் பார்த்துத் தானாவே கத்துக்கிச்சு. இங்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தயிர். நேத்துத் தயிர்ல இருந்து இன்னைக்குத் தயிர், பத்து வருஷம், இருபது வருஷம். தினமும் வேகவைக்காம உள்ள போகுது. மெஷினுக்கு அது கதவு நம்பர் மாதிரி ஆகிப்போச்சு. மத்ததையெல்லாம் விட்டுட்டு அதையே பார்த்திட்டிருக்குது."

"அப்ப ஒரே தயிர் சாப்பிட்டா ஒரே வீடா?"

"ஒரு மாசம் தினம் சாப்பிட்டாப் போதும்."

என் வீட்டுக்காரரும் நானும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் தயிர்தான் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதற்குள் அவளுக்கு வேறொன்று உறைத்திருந்தது.

"இது விளையாட்டில்லீங்க்கா. அந்தத் தெருவுல ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தா பதினோரு வீட்டையும் அள்ளிட்டுப் போவாங்க. நான் திருத்தம் எழுதணும், அதுக்கு உங்க விசாரணை அறிக்கை வேணும்."

"எழுதித் தாறேன்," என்றேன்.

அதற்கு முன்னால் மாரிக்கனியை அழைத்தேன். என்ன, தயிரா என்று கேட்டவுடன் ஒப்புக்கொண்டான். பங்குனி மாதச் சந்திப்பில் மகளின் பையில் ஒரு டப்பா தயிர் இருந்ததாம். "அம்மா தினமும் சாப்பிடச் சொன்னா. தீந்துராம மிச்சத்துல உறை ஊத்தி வச்சிக்கிடணுமாம்" என்று பிள்ளை சொன்னதாம். லாட்ஜ் அறையில் மின்னடுப்பு வாங்கி, பால் காய்ச்சி, தினமும் உறை ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறான்.

"எதுக்குன்னு கேக்கலையா?"

"கேட்டா நின்னுருமோன்னு பயம் மேடம்."

குருலட்சுமியின் எண்ணும் பதிவேட்டில் இருந்தது. அவள் விருதுநகரில் காய்ச்சல் வார்டில் நர்ஸ். என் கேள்வியை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"தயிர் குடுக்கது குத்தமா மேடம்?"

"குத்தம்னு சொல்லலைம்மா. எப்படித் தெரியும் உங்களுக்கு? மெஷின் வச்சிருக்கிறவங்களுக்கே தெரியலை."

"எங்க ஆஸ்பத்திரி ஹாஸ்டல்ல ஆறு நர்சுங்க. ஒண்ணா உறை ஊத்திச் சாப்பிடுதவங்க. ஒருத்திக்கு வந்ததும் ஆறு பேரையும் ஒரே வீடுன்னு எழுதிட்டாங்க. ஹாஸ்டல்ல மொத்தம் நாப்பது பேரு. மத்தவங்களை எழுதலை. யோசிச்சுப் பாத்தேன்."

"அவருக்கு ஏன் குடுத்தீங்க?"

"நான் புதுசா ஒண்ணும் குடுக்கலை. எங்க வீட்டுல உறை ஊத்தினது அவர்தான். எனக்கு நைட் டூட்டி. அவர் போன பிறகும் அதே தயிருதான் ஓடிக்கிட்டிருக்கு. அவருது அவருக்குப் போச்சு. வச்சிரட்டா? ரவுண்ட்ஸ் வருது."

முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற மனுஷிக்கு, பிள்ளை அப்பா கையைப் பிடிக்க முடியவில்லையே என்ற வருத்தம் இருந்திருக்கிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பில் அறிக்கையை எழுதி, அனுப்பாமல் வைத்துக்கொண்டேன். ஒரு மாதம், ஜூன் சந்திப்பு முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரிஸ்வானா கேட்டபோதெல்லாம் இன்னும் இரண்டு பேரை விசாரிக்க வேண்டும் என்று இழுத்தேன்.

ஜூன் முதல் வாரம் அவள் அழைத்தாள். வணக்கம் எதுவும் இல்லை.

"அந்தத் தெருவுல ஒரு ஆளுக்குக் காய்ச்சல். நேத்து நாப்பத்தி மூணு பேரை மையத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. அதுல ஒரு பொண்ணு. நாளைக்கு அவளுக்கு வேலைக்கான பரீட்சை. ரெண்டு வருஷம் படிச்சிருக்கா. அந்த ஆள் முகத்தைக்கூட அவ பார்த்ததில்லையாம்."

மேசை இழுப்பறையைத் திறந்து அறிக்கையை வெளியே எடுத்தேன்.

"நீங்க அறிக்கையை முன்னாடியே எழுதிட்டீங்கதானே?"

"எழுதிட்டேன்."

"எதுக்கு வெச்சிருந்தீங்கன்னு கேக்க மாட்டேன். இப்ப அனுப்புங்க. பதினொண்ணாந்தேதி திங்கக்கிழமை காலையில திருத்தம் ஏறிரும்."

அனுப்பினேன். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கத் தைரியம் வரவில்லை. ஒரு பிள்ளை தோளில் ஏறியதற்காக நாற்பத்து மூன்று பேர் உள்ளே போனார்கள், நடுவில் இருந்தது நான். இன்றைக்கும் அது என்னை விட்டுப் போகவில்லை.

பத்தாம் தேதி இரண்டாம் ஞாயிறு. மறுநாள் முதல் அவனுக்கும் மகளுக்கும் சிவப்பு வட்டம்தான். இதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். மூன்றரை மணிக்கே மாரிக்கனி வந்து ஊதிவிட்டு உள்ளே நின்றான். பள்ளிகள் திறக்கும் முன் கடைசி ஞாயிறு என்பதால் வரிசை ரோடு வரை நீண்டிருந்தது. நாலு மணிக்கு சஹானா ஊதினாள். நலம். பின்னால் குருலட்சுமி ஊதினாள்.

குழாய் மஞ்சளாக மாறி, வாசல் கதவு தானாகவே இறங்கியது.

பின்னால் நின்ற வரிசை ஒரே மூச்சில் இருபது அடி பின்வாங்கியது. குருலட்சுமி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். மகளைப் பார்த்து, "உள்ள போ, எங்கிட்ட வராத" என்றாள். என் திரையில் பட்டியல் வந்தது. நோயாளி: குருலட்சுமி. அதே வீட்டார்: சஹானா, மாரிக்கனி. வண்டி பதினைந்து நிமிடத்தில்.

விதி எனக்கு மனப்பாடம். நோயாளி வார்டுக்குப் போவார். வீட்டில் நோயில்லாத பெரியவர் இருந்தால் பிள்ளையும் அவரும் ஒரே அறையில் தனிமை. பெரியவர் யாரும் இல்லையென்றால் பிள்ளை மாவட்டத்தின் பிள்ளைகள் கூடத்துக்கு. அறுபது கட்டில் போட்ட கூடம் அது. பார்க்க யாரும் போக முடியாது.

மாரிக்கனியைத் தனியாக அழைத்தேன்.

"கேட்டுக்க. நீ அந்த வீடு இல்லைன்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். நாளைக்கு மெஷினுக்கும் தெரிஞ்சிரும். தப்பா விழுந்திருக்குன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா இப்பவே உன்னை விட்டுருவேன். இல்லைன்னா பதினாலு நாள். வேலை என்னாகும்னு பாத்துக்க. பிள்ளைக்கு உள்ள இருந்து, ஏழு நாள் கழிச்சு வந்துச்சுன்னா ஒரே ரூம்புல உனக்கும் வரும்."

"நான் போகலைன்னா பிள்ளை கூட யாரு?"

"யாருமில்லை."

அவன் போய் மகள் பக்கத்தில் நின்றுகொண்டான். அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பட்டைகளும் சும்மா இருந்தன.

நான் கதவுக்கு இந்தப் பக்கம் வந்து குருலட்சுமியைப் பார்த்தேன். அவள் முகத்தில் பயம் இருந்தது, ஆச்சரியம் இல்லை. காலடியில் ஒரு பெரிய பை. எட்டி நின்றே அதைக் காலால் என் பக்கம் தள்ளினாள். மேலேயே தெரிந்தது: மடித்த கவுன்கள், பள்ளிப் புத்தகம், பிள்ளைக்கான காய்ச்சல் மருந்து, பற்பசை. இரண்டு மணி நேரம் கடற்கரைக்கு வருகிறவர் கொண்டுவரும் பை இல்லை அது.

"இதை எப்பல இருந்து தூக்கிட்டு வர்றீங்க?"

"பங்குனியில இருந்து. எங்க போனாலும்."

"அப்ப தயிரு..."

"கரையில தூக்கி வச்சி விளையாடுததுக்குன்னு நெனச்சீங்களா மேடம்?" என்று கேட்டாள். "நான் நித்தம் அந்த வார்டுல நிக்கேன். தனியா பிள்ளை வளக்குற அம்மாமாருக்கு வந்தா அந்தப் பிள்ளைங்களை அந்தக் கூடத்துக்குத்தான் ஏத்துவாங்க. வெளிய அப்பன்மாரு கோர்ட்டுக் காயிதத்தை வச்சிக்கிட்டு அழுதுக்கிட்டு நிப்பான். உள்ள விட மாட்டாங்க. ஒரே வீடுன்னு மெஷின் சொன்னாத்தான். எனக்கு என்னைக்கிருந்தாலும் வரும்னு தெரியும். எனக்கு அவரைப் பிடிக்கலை. ஆனா பிள்ளையை அவரை விட நல்லாப் பாத்துக்கிட எனக்கு வேற ஆள் தெரியாது."

நான் ஒரு மாதமாக எதையோ கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டிகள் இரண்டு வந்தன. சுகாதார அலுவலர் முகமூடிக்குள்ளிருந்து படிவத்தை நீட்டினார். நேரடி உறுதிப்பாடு என்று ஒரு பகுதி உண்டு. இவர்கள் ஒரே வீட்டார் என நான் விசாரித்து அறிந்தேன் என்று கரை அலுவலர் கையெழுத்துப் போட்டுவிட்டால், அப்புறம் எந்தத் திருத்தமும் அந்த வீட்டைத் தொடாது. போடாவிட்டால் மறுநாள் காலை மெஷின் மாரிக்கனியை வேறு வீடு என்று பிரிக்கும், பிள்ளையைக் கூடத்துக்கு மாற்றுவார்கள்.

"விசாரிச்சீங்களா மேடம்?" என்றார்.

"நல்லா விசாரிச்சேன்."

இதுவரை அது மெஷினின் தப்பு. தில்லைநாயகி என்று என் பெயரை எழுதி முடித்ததும் என்னுடையதாகிவிட்டது. ரிஸ்வானா என்றாவது அந்தப் படிவத்தைப் பார்ப்பாள். என்ன சொல்லப்போகிறேன் என்று இன்னும் தெரியாது.

முதல் வண்டியின் கதவைத் திறந்தார்கள். குருலட்சுமி ஏறவில்லை. மாரிக்கனியைப் பார்த்துத் திரும்பி நின்றாள். திரையில் மூன்று பேருக்கும் ஒரே பச்சை வட்டம், யாரும் யாரையும் தொடலாம். அவள்தான் கையைக் காட்டி அவனை அங்கேயே நிற்கச் சொன்னாள்.

"ராத்திரி லைட்டை அணைச்சா பயப்படுவா," என்றாள்.

"தெரியும்."

"தெரியாது. இது போன வருஷத்துல இருந்து."

அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, எழுதக் காகிதம் தேடினான். என் மேசையிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தைக் கொடுத்தேன். லைட்டு என்று எழுதினான்.

"வேற?" என்று அவளிடம் கேட்டான்.

பின்னால் வரிசையில் யாரோ இன்னும் எவ்வளவு நேரம் என்று கத்தினார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். குருலட்சுமி வண்டிப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, விரல்விட்டு எண்ணிச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.